நாலு மணிக்கு வருகிறவள்

நாலு மணி என்றால் நாலு மணிதான், அதற்கு முன்னால் யாரும் வரப்போவதில்லை என்று முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே குணவதி இன்னொரு தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாள். காலையில் கண் விழித்ததிலிருந்து எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ. ஷர்மிளா வருகிறாள். குணவதி பெற்ற ஒரே பெண். ஏழு வயதில் விட்டது, இப்போது இருபத்துமூன்று. துறையூரில் பஸ் ஏறித் திருச்சிக்கு வந்து, அங்கே டவுன் பஸ் பிடித்து, இந்தக் காலனிக்குள் விசாரித்துக்கொண்டு வந்து சேர நாலு மணி ஆகிவிடும் என்று போன வாரம் லூர்தக்காவின் போனில் அவளே சொன்னாள். மூன்று நிமிஷம் பேசியிருப்பாள். அந்த மூன்று நிமிஷத்தை ஒரு வாரமாகப் போட்டு உருட்டி உருட்டி, எது அவள் சொன்னது, எது தான் சேர்த்துக்கொண்டது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. கீரையில் காம்பு விழுந்துவிட்டது, பொறுக்கினாள். விரல் ஆடுகிறது. மாத்திரை சாப்பிடுகிற கை ஆடத்தான் செய்யும், அதற்கு என்ன செய்ய. ஆனால் பார்த்ததும் பெண் பயந்துவிட்டால்? முந்தானைக்குள் வைத்துக்கொள்ளலாம். ரொம்ப நேரம் வைத்திருந்தால் எதையோ ஒளிக்கிற மாதிரி இருக்கும். காபி கொடுக்கும்போது எப்படி வைத்துக்கொள்வது? லூர்தக்காவையே கொடுக்கச் சொல்லிவிடலாம். அப்புறம், பெற்ற பெண்ணுக்கு ஒரு வாய் காபி தரக்கூட வக்கில்லாதவள் என்று ஆகிவிடும். அரை டம்ளராக ஊற்றினால் தளும்பாது. அரை டம்ளர் கொடுத்தால் கஞ்சம் என்று நினைப்பாளோ? பெரிய டம்ளரில் அரை டம்ளர் காபி. ஆமாம், அதுதான் சரி. இப்படி ஒன்று சரியாக அமைந்ததும் அவளுக்கு ஏதோ பரீட்சையில் பாஸான சந்தோஷம் வந்தது, வந்த வேகத்தில் போயும் போயிற்று, ஏனென்றால் பெரிய டம்ளரைப் பிடித்தால் கை சுடும் என்று அடுத்த கவலை வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தது.

லூர்தக்கா என்கிற லூர்து மேரிக்குக் குணவதியைவிட எட்டு வயது குறைவு. ஆனாலும் அக்காதான். ஆஸ்பத்திரியில் சாவி வைத்திருந்தவர்கள் எல்லாருமே அக்கா, அந்தப் பழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவளோ இவளைக் குணாக்கா என்பாள். ஆக இரண்டு பேருமே ஒருத்திக்கொருத்தி அக்கா. இங்கே சாவி கிடையாது. வாசலில் போர்டும் கிடையாது. மனநல ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காகக் கிடந்து, ஒருவாறு தேறிய பிறகும் கூட்டிப்போக ஆள் வராத நாலு பெண்களை ஒரு தொண்டு நிறுவனம் ஊருக்குள்ளேயே வாடகைக்கு வீடு பிடித்துக் குடிவைத்திருக்கிறது, துணைக்கு லூர்தக்கா. சமைப்பதும் துவைப்பதும் கடைக்குப் போவதும் சண்டை போட்டுக்கொள்வதும் அவரவர் பாடு. வந்த புதிதில் குணவதி ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் போய்ச் சும்மா நிற்பாள், யாராவது திறந்துவிடட்டும் என்று. பன்னிரண்டு வருஷம் கதவுகளை அடுத்தவர்தான் திறந்தார்கள். “அட தள்ளிட்டுப் போங்க குணாக்கா, கதவு என்ன உங்களைக் கடிக்கவா போகுது” என்று லூர்தக்கா சிரித்துச் சிரித்தே அதை மாற்றினாள். இன்றைக்கு அவள் மற்ற இரண்டு பேரையும் மாதாந்திர ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். “பன்னெண்டுக்குள்ள வந்துருவேன். உங்க பொண்ணு வர்றதுக்குள்ள வீட்டையே ஜோடிச்சிருவோம். அதுவரைக்கும் நீங்களும் பவுனம்மாவும் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். பாத்துக்கங்க. குணவதியிடம் ஒரு வீட்டை ஒப்படைத்து யாராவது பாத்துக்கங்க என்று சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. அந்த ஒரு வார்த்தைக்காகக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீரையின் முன்னால் உட்கார்ந்தாள்.

“அம்மா.” உருவிய ஈர்க்கு கையிலேயே நின்றது. “அம்மா, கதவத் தொறம்மா.” அதோடு கூட, டக் டக் டக் என்று மூன்று தட்டு. குணவதி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது. இந்தக் குரல் அவளுக்குப் புதிதில்லை. பதினாறு வருஷமாகக் கேட்கிறது. கோயில் கோயிலாகக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்த காலத்திலும் கேட்டது, ஆஸ்பத்திரியில் முப்பது கட்டிலுக்கு நடுவில் படுத்திருந்தபோதும் கேட்டது, இங்கே மாத்திரையை மாற்றிய பிறகு தினமும் என்பது போய் வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று குறைந்திருக்கிறது. அம்மா, கதவத் தொறம்மா. மிஞ்சினால், நான்தாம்மா ஷர்மி என்று சேர்த்துக்கொள்ளும். வேறு ஒன்றும் சொல்லாது. வையாது, மிரட்டாது, சில பேருக்குக் கேட்கிற மாதிரி சாகச் சொல்லாது. அப்படி ஏதாவது சொன்னால்கூட எதிர்த்துச் சண்டை போடலாம். இது வெறுமே கதவைத் திறக்கச் சொல்கிறது, அதுவும் அழாத குறையாக. “அது வெளியே இல்ல குணவதி, உங்களுக்குள்ள இருக்கு. திறக்கப் போகாதீங்க. பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் இந்த வீட்டில் ஒரு வழக்கம். யாருக்கு என்ன சத்தம் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவரிடம் “கேட்டுச்சா?” என்று கேட்டுவிட வேண்டும். கேட்டுச்சு என்றால் நிஜம், கேக்கல என்றால் இல்லை. உப்பு இருக்கா என்று கேட்கிற மாதிரி, இதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. குணவதி திரும்பினாள். சுவரோரமாகக் காலை நீட்டிக்கொண்டு பவுனம்மா உட்கார்ந்திருந்தாள். வயது அறுபது இருக்கும், முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவள். நல்ல மனுஷி, ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்கமாட்டாள். ஒரே ஒரு குறை. எதைக் கேட்டாலும் ஆமா என்பாள்.

“பவுனம்மா, கேட்டுச்சா?” “ஆமா.” “யாரோ கூப்புட்டாங்களா?” “ஆமா.” “ஒண்ணும் கேக்கலதானே?” “ஆமா.” குணவதிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நாலு பேரில் சாட்சிக்கு விட்டுவிட்டுப் போனார்களே ஒருத்தியை, எதற்கும் ஆமாஞ்சாமி. பவுனம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, முப்பது வருஷம் ஆமா என்று சொல்லித்தான் அடியிலிருந்து தப்பித்திருப்பாள். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கதவத் தட்டுற சத்தம். டக் டக்குன்னு.” பவுனம்மா நிஜமாகவே யோசித்தாள், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பாவம், எதைச் சொன்னால் இவளுக்குத் திருப்தியாக இருக்கும் என்று முகத்தையே பார்த்தாள். “ஆமா” என்றாள். “அம்மா, நான்தாம்மா, ஷர்மி. கதவத் தொறம்மா” என்றது குரல். குணவதி எழுந்தேவிட்டாள். எழுந்து நின்றதோடு சரி. மடியிலிருந்து கீரை கொட்டியது. நான்தாம்மா ஷர்மி. இதுவும் புதிதில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் துறையூர் வீட்டில், உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்திருந்தாள். வெளியே இருப்பது ஷர்மி இல்லை, ஷர்மி மாதிரி முகத்தை மாட்டிக்கொண்டு வேறு யாரோ வந்து நிற்கிறார்கள் என்று அன்றைக்கு அவளுக்குத் திட்டமாகத் தெரிந்தது. இன்றைக்கு இந்தக் கீரை கீரை என்று தெரிகிற மாதிரி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, அதுதான் அதில் உள்ள கொடுமை. ஸ்கூல் யூனிபார்மைக்கூட மாற்றாமல் குழந்தை கதவோடு ஒட்டிக்கொண்டு நின்று தட்டியது. அம்மா கதவத் தொறம்மா, நான்தாம்மா ஷர்மி. பசிக்குதும்மா என்றுகூடச் சொன்னது. அப்புறம் ஷர்மியின் அப்பா வந்து கதவை உடைத்தார். உடைத்தவர் பெண்ணைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு குணவதி பெண்ணைப் பார்க்கவில்லை. பார்த்தாளோ இல்லையோ, குரல் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

ஆனால் குரல் இன்றைக்குக் கொஞ்சம் கனமாக இருக்கிறதே. எப்போதும் ஏழு வயசுக் குரல், கீச்சென்று இருக்கும். இது பெரிய பெண்ணின் குரல். குணவதி கதவை நோக்கி ஓரடி வைத்தாள். உடனே மனசு இன்னொரு பக்கம் இழுத்தது. போன வாரம் போனில் பேசினாளே, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த மனசுக்கு அதற்கெல்லாம் சொல்லியா தரவேண்டும், இதைவிடப் பெரிய பெரிய வேலையெல்லாம் செய்திருக்கிறது. போன ஆடியில் இப்படித்தான் கூப்பிட்டது என்று திறந்தாள். வாசலில் யாரும் இல்லை. குரல் தெருமுனையிலிருந்து கூப்பிட்டது, தெருமுனைக்குப் போனாள், மெயின் ரோட்டிலிருந்து கூப்பிட்டது, மெயின் ரோட்டுக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து லால்குடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் செருப்பில்லாத காலோடு உட்கார்ந்திருந்தவளைப் போலீஸ் ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. வீட்டுக்காரர் வந்து, “இன்னொரு தடவை என் வாசல்ல போலீஸ் வந்து நின்னா காலி பண்ணிருங்க” என்று லூர்தக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். லூர்தக்கா அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, வெந்நீர் வைத்துக் காலைக் கழுவிவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்றைக்கு இவள் மறுபடியும் திறந்து, மறுபடியும் தெருத்தெருவாகப் போய், நாலு மணிக்குப் பெண் வந்து நிற்கும்போது அம்மாவைக் காணோம், தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லும்படி ஆகிவிட்டால்? வந்த பெண் திரும்பிப் போய்விடுவாள். இனி ஜன்மத்துக்கும் வரமாட்டாள். நாலு பேருக்கும் இருக்கிற கூரையும் போய்விடும். கதவு இருக்கிற பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லை, எட்டிப் பார்க்கலாம் என்றால். யாரு என்று இங்கிருந்தே குரல் கொடுக்கலாமா? கூடாது. பதில் சொல்லச் சொல்லத்தான் அது வளரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் அவளுக்குக் காலிங்பெல் ஞாபகம் வந்தது. இது அவளாகவே கண்டுபிடித்த சோதனை, டாக்டரிடம்கூடச் சொல்லி ஒரு சபாஷ் வாங்கியிருக்கிறாள். துறையூர் வீட்டில் காலிங்பெல் கிடையாது. அதனால் இந்தக் குரலுக்குப் பெல் அடிக்கத் தெரியாது. தட்டத் தெரியும், கூப்பிடத் தெரியும், பெல் மட்டும் அடிக்காது. இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அடித்ததில்லை. நிஜமான மனுஷர்கள் யாராக இருந்தாலும், கேஸ்காரர், பேப்பர்காரர், வாடகைக்கு வருகிற வீட்டுக்காரர், முதலில் கை போவது பெல்லுக்குத்தான். குருவி கத்துகிற மாதிரி உள்ளே சத்தம் வரும். குணவதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெல்லு அடி, பெல்லு அடி. நிஜமாக இருந்தால் பெல்லு அடி தாயி. டக் டக் டக். “அம்மா, கதவத் தொறம்மா.” பெல் அடிக்கவில்லை. அவள் மெல்லக் கீழே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது தெரிந்தது, தை மாசத்துக் குளிரில். “அது ஒண்ணுமில்ல பவுனம்மா. சும்மா எனக்குள்ள. பெல்லு அடிக்கல பாத்தீங்களா?” என்றாள் சத்தமாக. “ஆமா” என்றாள் பவுனம்மா. “நாலு மணிக்குத்தான் வருவா.” “ஆமா.” குரல் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும் குணவதி ஒரு ஈர்க்கை எடுத்து, கண்ணை அதிலிருந்து எடுக்காமல், கீழிருந்து மேலாக உருவினாள். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்தினாலும் கேட்கும்; நிஜச் சத்தமும் விரலுக்குள் புகுந்து வரும், இதுவும் வரும், அதனால் அந்தச் சோதனை எப்போதும் பயன்படாது. மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. போடீ, போய்க் கதவைத் திற, பெற்ற வயிறா இது என்று ஒரு பக்கமும், உட்காருடி, இன்றைக்கு ஒரு நாளாவது ஒழுங்காக இரு என்று ஒரு பக்கமும். அவள் ஒழுங்காக இருந்தாள். கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் நின்றது. குரலும் நின்றது.

அதன் பிறகு வந்த அரை மணி நேரத்தைப் போல ஒரு அரை மணி நேரம் பல வருஷமாக அவளுக்கு வாய்த்ததில்லை. கீரையை அலசி வடிகட்டினாள். சிந்தியதைக் கூட்டினாள். ஒரு மாத்திரை அதிகமாகப் போடாமல், யார் கையையும் பிடித்துக்கொள்ளாமல், தானாகவே குரலை ஜெயித்திருக்கிறாள். லூர்தக்கா வந்ததும் முதலில் இதைச் சொல்லவேண்டும். ஷர்மிக்கும் சொல்லலாமோ? வேண்டாம், முதல் நாளே எதற்கு. ஆனால் அவளுக்குத் தெரியாவிட்டால் என்ன, அவள் நாலு மணிக்கு வந்து உட்காரும்போது எதிரே இருக்கப்போவது சரியாகிவிட்ட ஓர் அம்மா. பெரிய டம்ளரில் அரை டம்ளர் காபி. கை ஆடினால் ஆடட்டும். பதினொன்றரைக்குப் பவுனம்மா எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றாள். தினமும் அந்த நேரத்துக்கு ஒரு நாடகம் பார்ப்பாள், நாடகத்தில் வருகிறவர்கள் கேட்பதற்கெல்லாம்கூட ஆமா போடுவாள். சுவிட்சைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். மேலே கீழே மேலே கீழே என்று தட்டிக்கொண்டே இருந்தாள். “விடுங்க பவுனம்மா, கரண்ட் இல்ல. காலைல சொன்னாங்கள்ல, சாயந்திரம்தான் வரும்” என்றாள் குணவதி அடுப்படியிலிருந்து. சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. கரண்ட் இல்லை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விடும் என்றுதானே காலையில் அவளே மோட்டாரைப் போட்டு டாங்க்கை நிரப்பினாள். கரண்ட் இல்லாமல் எந்தப் பெல் அடிக்கும்? யார் அழுத்தினாலும், அவளைப் பெற்ற தாய் வந்து அழுத்தினாலும்.

தாழ்ப்பாள் இறங்க மறுத்தது. இறங்கியதும் வெளியே ஓடினாள். வாசலில் வெயில். கேட்டுக்கு வெளியே தெரு காலியாகக் கிடந்தது. எதிர்வீட்டு விமலா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்காரிகளோடு பேசலாமா கூடாதா என்று இரண்டு வருஷமாக முடிவெடுக்காதவள். இன்றைக்கு அவளாகவே கைப்பிடிச் சுவரோரம் வந்தாள். “வீட்டுலதான் இருக்கீங்களா? ஒரு பொண்ணு வந்துச்சே. பச்சை சுடிதார், கையில ஒரு பை. பாவம், பத்து நிமிசம் தட்டிட்டே நின்னுச்சு. நான்கூட இருப்பாங்கம்மா, நல்லாத் தட்டுன்னேன். படியில கொஞ்ச நேரம் உக்காந்துச்சு. அப்புறம் போயிருச்சு.” “எந்தப் பக்கம்?” என்று குணவதி கேட்டாள். விமலா கையைக் காட்டினாள். குணவதியின் கால் அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பிய காலை அவளால் எடுத்து வைக்க முடியவில்லை. இந்த விமலா நிஜமா? மாடியில் நிற்பது, கை காட்டுவது, பச்சை சுடிதார் என்றது, இதெல்லாம் நிஜமாக நடந்ததா, இல்லை இதுவும் அவளைத் தெருமுனைக்கும் மெயின் ரோட்டுக்கும் கூட்டிக்கொண்டு போக வந்ததா? யாரைக் கேட்பது? வாசல்படியில் பவுனம்மா வந்து நின்றிருந்தாள். அவளைக் கேட்டு என்ன ஆகப்போகிறது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு குணவதி நின்றாள். ஓடினாலும் தப்பு, நின்றாலும் தப்பு. ஒரு தாய்க்கு இதைவிடக் கேவலம் என்ன வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. லூர்தக்கா மற்ற இரண்டு பேரோடு ஆட்டோவில் வந்து இறங்கும்போது, இருபது நிமிஷமாக அவள் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

விமலா சொன்னதை லூர்தக்காவும் கேட்டாள். அப்போதுதான் விமலா நிஜம் என்பது நிச்சயமாயிற்று. லூர்தக்கா உள்ளே போகக்கூட இல்லை, கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று போனைப் போட்டாள். “ஷர்மிளா, எங்கம்மா இருக்கே? நாலு மணின்னுல சொன்னே?” ஸ்பீக்கரில் பஸ் சத்தம் வந்தது, அதற்குள் ஒரு பெண் குரல். “எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க கார்ல வந்தாங்கக்கா, அதுலயே வந்துட்டேன். சீக்கிரமா வந்தா சந்தோசப்படுவாங்கன்னு பாத்தேன். பெல்லு அடிச்சேன், தட்டுனேன். உள்ள ரெண்டு பேரு பேசிக்கிட்டிருந்தது நல்லாவே கேட்டுச்சு. சரி, அவங்களுக்குப் பாக்கப் பிடிக்கலன்னு வந்துட்டேன். பரவால்லக்கா. பஸ்ஸு டோல்கேட் தாண்டிருச்சு.” லூர்தக்கா போனைக் குணவதியின் கையில் வைத்தாள். கை ஆடியது. இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “ஷர்மி” என்றாள்.

“நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?”

கேக்கல என்று சொல்லிவிடலாம். சொன்னால் பெண் நம்பிவிடுவாள், அடுத்த பஸ்ஸில்கூட ஏறிவிடுவாள். கேட்டுச்சு என்றால் ஏன் திறக்கவில்லை என்பாள். ஏழு வயதில் அவளிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை, கதவைத்தான் திறக்கவில்லை. “கேட்டுச்சு” என்றாள் குணவதி.

“அப்புறம்?”

“அந்தச் சத்தம் எனக்கு எப்பவுமே கேக்கும் தாயி. நீ போன நாள்லேருந்து. யாருமே இருக்க மாட்டாங்க, சத்தம் மட்டும் வரும். தொறக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காரு. அதுன்னு நெனச்சுட்டேன்.”

பஸ் எங்கேயோ நின்று, ஆள் இறங்கி, விசில் கேட்டு, மறுபடி கிளம்பியது. வைத்துவிட்டாளோ என்று குணவதி போனைக் காதோடு அழுத்தினாள்.

“அது என்ன சொல்லும்?” என்றாள் ஷர்மிளா.

“அம்மா, கதவத் தொறம்மா, நான்தாம்மா ஷர்மின்னு சொல்லும்.”

“நானும் அதத்தான சொன்னேன்.”